ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலர் என்றாலே நட்பு, தாய்மை, வேலையில்லாத் திண்டாட்டம், இளைஞனே எழுந்து வா என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். மலர்க்குழு நண்பர்கள் என்னிடம் வந்தபோது, "உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணை எழுதுடா" என்றார்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே இந்த இரண்டு வருடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அறுந்துபோன நரம்பைத் தைத்தால் அது என்ன ஆகும், எத்தனை நாளாகும், 'சரியாகிவிட்டது' என்ற வார்த்தையை யார் சொல்ல வேண்டும் என்பதுதான் அது. படிக்கக் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டிலும் என்றாவது உதவும்.

எந்த நரம்பு?

நம்ம ஊரில் நரம்பு என்ற ஒரே சொல்லுக்கு ஏகப்பட்ட வேலை. ஊசி போட வரும் நர்ஸ் அக்கா, "நரம்பே கிடைக்கலையே" என்பார். அவர் தேடுவது ரத்தக்குழாய். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்போம். அது தசை. விரலை மடக்கும் கயிறு மாதிரி ஒன்று மணிக்கட்டில் தெரியுமே, அதையும் நரம்பு என்போம். டாக்டர்கள் அதைத் தசைநாண் என்கிறார்கள். இது போதாதென்று பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் நரம்புத் தளர்ச்சி விளம்பரம் வேறு.

நிஜமான நரம்பு என்பது நம் துறைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். அது ஒரு கேபிள். உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். சில இழைகள் மூளையின் உத்தரவைத் தசைக்குக் கொண்டுபோகும். சில இழைகள் சூடு, குளிர், வலி, தொடுகை என்று விரல் நுனியின் செய்தியை மூளைக்குக் கொண்டுவரும். போகிற லைனும் வருகிற லைனும் ஒரே உறைக்குள் இருக்கும்.

இவ்வளவு குழப்பம் உள்ள ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, "நரம்பு அறுந்துருச்சும்மா, தச்சுட்டோம்" என்று ஒரு டாக்டர் சொன்னால், கேட்கிறவர் மனதில் என்ன படம் ஓடும்? எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு படம் ஓடியது.

அம்மாவின் கை

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். பூ விளைகிற பூமி. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா பூக்கட்டுகிறவர். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். எனக்கு செமஸ்டர் ஃபீஸ், பரீட்சை ஃபீஸ், ரெக்கார்டு நோட்டு, டிராயிங் ஷீட் எல்லாம் வந்தது அம்மா கட்டிய முழக்கணக்கில்தான்.

பூக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இடது கை பூவைப் பிடிக்கும். வலது கை நாரைச் சுற்றி முடிச்சுப் போடும். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் பூ உதிர்ந்துவிடும். இந்த அளவைக் கண் சொல்வதில்லை, விரல் நுனிதான் சொல்லும். அம்மா பக்கத்து வீட்டு அத்தையோடு பேசிக்கொண்டே, டிவியைப் பார்த்துக்கொண்டே கட்டும். கையைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. மணிக்குப் பத்து முழம் சர்வசாதாரணம்.

நான் முதலாம் ஆண்டு படித்தபோது, 2023 நவம்பர் மழையில், நல்லெண்ணெய் பாட்டிலோடு வாசல்படியில் வழுக்கி விழுந்தது. உடைந்த கண்ணாடி மேல் வலது மணிக்கட்டு. டவுனில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பும் இரண்டு தசைநாண்களும் அறுந்திருந்தன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுக்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்புதான். பூக்கட்டுகிற விரல்கள் அத்தனையும்!

மறுநாள் ஆபரேஷன். மைக்ரோஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைத்தார்கள் என்று சொன்னார்கள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "நல்லபடியா தச்சாச்சும்மா, கவலைப்படாதீங்க" என்றார். அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. ஆனால் அம்மா கேட்டுக்கொண்டது வேறு. கட்டுப் பிரித்தால் கை பழையபடி வந்துவிடும், தை முகூர்த்தத்துக்குப் பூக்கட்டப் போய்விடலாம் என்று அது கணக்குப் போட்டுவிட்டது.

டிஸ்சார்ஜ் சீட்டை வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'மீடியன் நெர்வ் ரிப்பேர்' என்று எழுதியிருந்ததை வாசித்தேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. "ரிப்பேருன்னா கெட்டுப்போச்சுன்னுதானப்பா அர்த்தம்? ஃபேன் ரிப்பேரு, மிக்ஸி ரிப்பேருங்கிறோமே?" என்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் பழுது பார்த்தது என்று பொருள் தரும் சொல் நம் வீட்டில் பழுதாகிப் போனது என்று பொருள் தருகிறது. அதே சீட்டில், தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று போட்டிருந்தது. என் ஃபீஸ் கட்டிய தொழிலைப் பற்றி அந்தத் தாளில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

கட்டுப் பிரித்த அன்று

மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். தையல் அருமையாக ஆறியிருந்தது. சீழ் இல்லை, வீக்கம் இல்லை. டாக்டருக்கு முகமெல்லாம் திருப்தி. அம்மா மெதுவாக ஆள்காட்டி விரலால் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தது. மரக்கட்டை மரக்கட்டையைத் தொட்ட மாதிரி ஒன்றுமே தெரியவில்லை. வெளியே வந்ததும், "ஏமாத்திட்டாங்கப்பா" என்று அழ ஆரம்பித்துவிட்டது.

ஒரே கை. ஒரே நாள். பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு முழுத் திருப்தி, இன்னொருவருக்கு முழு ஏமாற்றம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் நண்பர்களே, இந்தக் கட்டுரை.

அதற்குப் பிறகு சொந்தபந்தம் வந்தது. "பிரைவேட்ல பாத்திருக்கலாம்" என்றார் ஒருவர். "ஆபரேஷன் ஃபெயிலு" என்று தீர்ப்பே சொன்னார் இன்னொருவர். சித்தப்பா ஒருமுறை கையைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தபோது மணிக்கட்டு தொங்கிவிட்டது. எண்ணெய் போட்டு நீவி இரண்டு மாதத்தில் சரியாயிற்று. "எனக்கு எண்ணெயிலயே சரியாச்சே, மதினிக்கு ஆபரேஷன் பண்ணியும் சரியாகலையே?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதானே! பதில் தெரியாமல் வீடே குழம்பியது.

ஜாயிண்ட்டும் தையலும்

பதில் சொன்னவர் பிசியோதெரபி மேடம். அவர் சொன்னதையும், பிறகு நான் நூலகத்தில் தேடிப் படித்ததையும் நம் பாஷையில் சொல்கிறேன்.

முதலாம் ஆண்டு வொர்க்‌ஷாப்பில் மேரீட் ஜாயிண்ட், பிரிட்டானியா ஜாயிண்ட் எல்லாம் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? கம்பியைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி, ஸ்விட்சைப் போட்டால் அந்த நொடியே பல்பு எரியும். எரிந்தால் மார்க். எரியாவிட்டால் ஜாயிண்ட் தப்பு. எங்கள் வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்தது இந்த ஜாயிண்ட்தான்.

நரம்பு அப்படி இல்லை. அறுபட்ட இடத்திலிருந்து விரல் பக்கம் உள்ள இழைகள் செத்து, கரைந்து போய்விடும். எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் சரி, போகத்தான் செய்யும். அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து 1850இலேயே இதை எழுதிவிட்டார். மிஞ்சுவது காலியான பைப்பு மட்டும். நம் கன்சீல்டு வயரிங்கில் வயரை உருவிவிட்டால் பைப்பு மட்டும் சுவருக்குள் நிற்கிறதே, அந்த மாதிரி. டாக்டர் தைப்பது உண்மையில் அந்தப் பைப்பின் வாயோடு வாயைத்தான். அதற்குள் புது வயரை நாம் இழுத்துவிட முடியாது. அது மேலிருந்து தானே முளைத்து, செடியின் வேர் மாதிரி ஊர்ந்து வரவேண்டும். முதல் சில வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்! நம் டிராயிங் ஸ்கேலில் இரண்டு சின்னக் கோட்டுக்கு நடுவில் உள்ள தூரம்.

சித்தப்பா கேள்விக்கும் பதில் கிடைத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காயம்பட்டவர்களைப் பார்த்த செடன் என்ற ஆங்கிலேய டாக்டர், 1943இல் நரம்புக் காயத்தை மூன்று வகையாகப் பிரித்தார். இழை அறுபடாமல் நசுங்கி மட்டும் ஓய்ந்து போவது முதல் வகை. உள்ளே இழை அறுந்து உறை மட்டும் தப்புவது இரண்டாவது. எல்லாமே அறுந்து போவது மூன்றாவது. சித்தப்பாவுக்கு வந்தது முதல் வகை. எண்ணெய் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அது சரியாகியிருக்கும். அம்மாவுக்கு மூன்றாவது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் அம்மாவின் கை தோற்கத்தான் செய்யும்.

பால்பாயிண்ட் பேனாக் கோடு

அந்த மேடம் இன்னொரு காரியம் செய்தார். தையல்கார டேப்பை எடுத்து, அம்மாவின் மணிக்கட்டுத் தழும்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தார். பதினெட்டு சென்டிமீட்டர். "நூற்று எண்பது நாளு. ஆரம்பத்துல ஒரு மாசம் சேத்துக்கங்க. அதுக்கு முன்னாடி விரல் நுனியில உணர்ச்சி வரலைன்னு அழக்கூடாது. வந்தாலும் உடனே பழைய மாதிரி இருக்காது. சின்னப் பிள்ளைக்கு வர்ற மாதிரி நாப்பது வயசுக்கு மேல வராதும்மா. ஆனா வரும்" என்றார்.

பிறகு தழும்பிலிருந்து விரல் நுனிப் பக்கமாக லேசாகத் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் அம்மா 'ஸ்ஸ்' என்று கையை இழுத்தது. விரலுக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுள்ளென்று இருந்ததாம். "இதுவரைக்கும் உங்க புது நரம்பு வந்திருக்கு" என்று அந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டார். முதல் உலகப்போர் நடந்த 1915ஆம் ஆண்டில், பிரான்ஸ் நாட்டு டினெல் என்ற டாக்டரும் ஜெர்மனி நாட்டு ஹாஃப்மன் என்ற டாக்டரும் தனித்தனியே எழுதிய சோதனை இது. எதிரெதிர் நாட்டுக்காரர்கள்! இரண்டு பக்கமும் கையறுந்த சிப்பாய்கள் இருந்தார்கள், இரண்டு பக்கமும் யாரோ தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சே மாறிவிட்டது. மாதம் ஒருமுறை மேடம் கோடு போடுவார். நான் அந்தத் தூரத்தை ஸ்கேலில் அளந்து தினசரி காலண்டரின் அட்டையில் எழுதி வைப்பேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கோடு நகர்வது தெரியும். அதே மரத்துப்போன கைதான். நேற்றுவரை 'ஏமாத்திட்டாங்க', இன்று 'வந்துக்கிட்டிருக்கு'. கையில் ஒன்றும் மாறவில்லை, எதிர்பார்ப்புக்கு ஓர் அளவு கிடைத்தது, அவ்வளவுதான். அந்த அளவு இல்லாமல் இருந்திருந்தால், பயிற்சியை விட்டுவிட்டு ஏதோ எண்ணெய்க்குக் காசைக் கரைத்திருப்போம்.

மாறிப்போன கனெக்‌ஷன்

2024 ஆடி மாதவாக்கில் உணர்ச்சி விரல் நுனிக்கு வந்தது. சந்தோஷப்படுவதற்குள் புதுச் சிக்கல். ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்ட மாதிரி தெரியும். பருத்தியைத் தொட்டால் முள் மாதிரி குத்தும். காரணம் எளிது. நம் கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கலர் இருக்கிறது. நரம்பு இழைக்குக் கலர் கிடையாது. முளைத்து வருகிற இழை பழைய பைப்புக்குள்ளேயே போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பல இழைகள் மாறி நுழைந்துவிடும். அப்புறம் மூளைதான் புதுக் கனெக்‌ஷனைப் படித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கும் ஒரு பயிற்சி உண்டு. கண்ணைத் திறந்து ஒரு பொருளைத் தொடு, கண்ணை மூடித் தொடு, மறுபடி திறந்து பார். காசு, சாவி, பருப்பு, பஞ்சு, மணல் என்று கொடுத்தார்கள். அம்மா ரெண்டு நாள் செய்துவிட்டு, "எனக்கு எதுக்கு சாவி? பூவைக் குடுங்க" என்றது. மல்லி, முல்லை, பிச்சி, காக்கரட்டான் மொட்டுகளைக் கலந்து முறத்தில் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும். மூக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு துண்டை வேறு கட்டிக்கொள்ளும்! முதல் வாரம் எல்லாமே ஒன்று. மூன்று மாதத்தில் மல்லியும் பிச்சியும் தெரிந்தது. முல்லைக்கும் காக்கரட்டானுக்கும் இன்றுவரை தகராறு.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத கஷ்டங்களும் இருந்தன. உணர்ச்சியில்லாத காலத்தில் சூடான பாத்திரத்தைப் பிடித்து, விரல் கொப்புளித்த பிறகுதான் பார்த்தது. மார்கழி விடியலில், ஈரப்பூவைத் தொட்டால் கை முழங்கைவரை கடுக்கும். நரம்பு தைத்தவர்கள் பலருக்கும் இந்தக் குளிர்ப் பகை வருமாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம். விடிகாலை ஈரப்பூதான் பிழைப்பு என்றால் இது சின்ன விஷயமா?

பக்கத்து லைனில் டேப்பிங்

தெரபி அறையில் ஓர் அண்ணன் பழக்கமானார். பைக்கில் விழுந்து, கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கொத்தில் மேல்பகுதி பிய்ந்துவிட்டது. விரல் அசையும், ஆனால் முழங்கை மடங்காது, தோளும் உயராது. பிய்ந்த இடத்தைத் தைக்க வழியில்லை. அதனால் விரலுக்குப் போகும் நல்ல நரம்பிலிருந்து ஒரு சிறு பிரிவை எடுத்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு சேர்த்தார்கள். பக்கத்து லைனிலிருந்து டேப்பிங்! பிரான்ஸ் நாட்டு ஓபர்லின் என்ற டாக்டர் 1994இல் வெளியிட்ட முறை இது.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவருடைய டாக்டர் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாராம். "முழங்கை மடங்கும். டம்ளர் வாய்க்கு வரும். தோள் பழையபடி உயரும்னு எதிர்பார்க்காதே. ஆறு மாசமாவது பொறு." ஒருநாள் முழங்கை லேசாக மடங்கியபோது அவர் அறையில் இருந்த எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். தோள் இன்னமும் உயரவில்லை, சட்டையை மாட்ட அவருக்கு இன்னொருவர் உதவி வேண்டும். ஆனாலும் அவருக்குத் திருப்தி.

கணக்குப் பார்த்தால் அந்த அண்ணனைவிட அம்மாவின் கை எவ்வளவோ மேல். ஆனால் அந்த அறையில் சிரித்த முகம் அவருடையது, வாடிய முகம் அம்மாவுடையது. கிடைத்தது எவ்வளவு என்பது மட்டும் திருப்தி இல்லை. கிடைக்கும் என்று சொல்லப்பட்டது எவ்வளவு என்பதும் சேர்ந்துதான் திருப்தி. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த அறையின் பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

வேலூரில் நடந்தது

டாக்டர்களுக்கு இது தெரியாதா? நல்ல டாக்டர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. தொழுநோயும் நரம்பைத் தின்கிற நோய்தான். அதனால் விரல்கள் கொக்கி மாதிரி வளைந்துவிடும். 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற டாக்டர், வேலை செய்கிற தசைநாணை இடம் மாற்றித் தைத்து, அந்த விரல்களை நிமிர்த்தினார். நரம்பே வராத கைக்கும் ஒரு வழி உண்டு என்று காட்டிய வேலை அது.

ஆனால் கை சரியாகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டார்கள். வளைந்த விரலைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள், நிமிர்ந்த விரலைப் பார்த்தால் போடவில்லை. நோயின் பெயரைக் கேட்டால் வேலை கொடுக்கவும் ஆளில்லை. ஆபரேஷன் வெற்றி, வயிறு காலி! அதன்பிறகுதான், கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் கற்றுத்தர வேண்டும் என்று அங்கேயே ஒரு மறுவாழ்வு இல்லம் தொடங்கினார். கை என்பது எலும்பும் நரம்பும் மட்டும் இல்லை, அது ஒருவருடைய பிழைப்பு என்பதை நோயாளிகளே அந்த டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எத்தனை மார்க்?

டாக்டர்களிடம் ஒரு மார்க் முறை உண்டு. தசை பலத்துக்கு சைபரிலிருந்து ஐந்து, உணர்ச்சிக்கு சைபரிலிருந்து நான்கு. இரண்டு முனை ஊசியால் தொட்டு, அது ஒன்றா இரண்டா என்று விரல் கண்டுபிடிக்கிறதா எனப் பார்க்கும் சோதனையும் உண்டு. இவை வேண்டும். இல்லையென்றால் ஒரு கையை இன்னொரு கையோடு எப்படி ஒப்பிடுவது? ஒரு வருடம் முடிந்தபோது அம்மாவின் சீட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார்கள். உண்மைதான்.

அம்மாவின் சோதனை வேறு. பத்து முழம் கட்டிய இடத்தில் முதலில் இரண்டு முழம். பிறகு நாலு. இப்போது ஆறு. அதுவும் கையைப் பார்த்துக்கொண்டே கட்டினால்தான். "முன்னெல்லாம் கை கட்டுச்சு. இப்போ கண்ணுதான் கட்டுது. ராத்திரியானா கண்ணு வலிக்குது" என்றது ஒருநாள். இந்த வாக்கியத்தை எந்த ஊசி கண்டுபிடிக்கும்?

ஆறு முழத்துக்கு இறங்கிய வருமானத்தில் என் படிப்பு நின்றுவிடும் நிலைமை வந்தது உண்மை. அப்பா இரவு லோடும் ஏற்றினார். நான் விடுமுறையில் வயரிங் வேலைக்குப் போனேன். அத்தை கட்டும் பூவை அம்மா விற்றது. எப்படியோ மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டேன்.

சென்ற முறை போனபோது பிசியோதெரபி மேடம், "உங்க கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கும்மா போடுவீங்க?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, "சோறு பிசைய எட்டு. பூவுக்கு ஆறு. மார்கழிக்கு ரெண்டு" என்றது. மேடம் சிரிக்கவில்லை. அந்த மூன்று எண்ணையும் அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் இருந்ததை அடித்துவிட்டு, 'பூக்கட்டுதல்' என்று அவரே எழுதினார்.

நண்பர்களே!

நம்மில் பலர் குடும்பத்தில் முதல் படிப்பாளி. டிப்ளமோ வாங்கி வேலைக்குப் போவதற்கு முன்னாலேயே நமக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்வதும், டாக்டரிடம் கேள்வி கேட்பதும் நம் வேலைதான். டாக்டருக்கு நேரம் கிடையாது, வாசலில் நூறு பேர் நிற்பார்கள். நம் வீட்டாருக்குக் கேட்கப் பயம். நடுவில் நாம்தான் நிற்கிறோம்.

ஒரு வீட்டுக்கு வயரிங் செய்யப் போனால் முதலில் என்ன கேட்கச் சொல்லித் தருகிறார்கள்? எத்தனை லைட், மோட்டார் உண்டா, லோடு எவ்வளவு என்றுதானே? நரம்பு ஆபரேஷன் என்றால், மரியாதையோடு, ஆனால் விடாமல், நாலு விஷயம் கேளுங்கள். எது வரும், எது வராது? வர எத்தனை மாதமாகும்? அதுவரை வீட்டில் நாங்கள் என்ன செய்யவேண்டும், எதில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்? வராவிட்டால் அடுத்த வழி என்ன, அதற்கு எப்போது வரவேண்டும்? கடைசிக் கேள்வி முக்கியம். வருடக்கணக்கில் லைன் கிடைக்காத தசை, பிறகு லைன் வந்தாலும் எழுந்திருப்பது கஷ்டம். காத்திருக்கவும் ஒரு கெடு உண்டு.

அவர்கள் கேட்காவிட்டாலும் ஒன்றை நாமே சொல்லிவிட வேண்டும். இந்தக் கை என்ன வேலை செய்து சாப்பிடுகிற கை என்பதை. தறி ஓட்டுகிற கையா, களை பறிக்கிற கையா, தையல் மிஷின் கையா, பூக்கட்டுகிற கையா? 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று எழுதினால், "இல்லைங்க சார், எங்கம்மா வேலைக்காரங்க" என்று சொல்லுங்கள்.

அம்மா அடுத்த மார்கழிக்குக் கம்பளி உறை தைத்து வைத்திருக்கிறது, விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. ஏழு முழம் எட்டிவிடலாம் என்கிறது. நான் 'வரும்' என்றும் சொல்லவில்லை, 'வராது' என்றும் சொல்லவில்லை. போன மாதக் கோட்டையும் இந்த மாத முழத்தையும் காலண்டர் அட்டையில் எழுதி வருகிறேன்.